இரத்தினம்மாவும் மரமஞ்சள் தண்ணீரும்

இரத்தினம்மா என்னோடு பதினெட்டு வருஷம் வேலை செய்தார். அதில் முதல் ஆறு வருஷம் அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. கையைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறேன். போத்தலைக் கழுவினாரா, தட்டைக் கழுவினாரா, எங்காவது ஈரம் விட்டு வைத்தாரா என்று. எனக்கு மூக்கு நுனியில் கோபம். யாழ்ப்பாணத்திலிருந்து படித்து வந்தவள் என்ற கெப்பர் வேறு. இன்றைக்கு யாராவது "சத்தியபாமா மிஸ், உங்களோட வேலை செய்த கெட்டிக்காரர் யார்?" என்று கேட்டால் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வேன். அப்போது கேட்டிருந்தால் என் பெயரைச் சொல்லியிருப்பேன்.

எங்கள் ஆய்வுகூடம் பல்லேகலையில் இருந்தது. இரண்டு அறை, ஒரு விறாந்தை, மழை பெய்தால் ஒழுகும் கூரை. அதை நடத்தியவர் கலாநிதி பஹ்மி. வயிற்றுப் புற்றுநோய்க் கலங்களை, செல் என்பார்களே அவற்றை, தட்டுகளில் வளர்ப்பதும் கொல்லுவதும்தான் எங்கள் தொழில். ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றுகிற மருந்தை அந்தக் கலங்களுக்குக் கொடுப்போம். கூடவே நம் ஊர்ப் பட்டை, வேர், இலையின் சாற்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்ப்போம். இரண்டும் சேர்ந்தால் கலங்கள் கூடுதலாகச் சாகின்றனவா என்பது கேள்வி. செத்தால் மருந்தின் அளவைக் குறைக்கலாம், ஆட்கள் இவ்வளவு அவதிப்பட வேண்டாம் என்பது பஹ்மியின் ஆசை. நான் தொழில்நுட்ப உதவியாளர். இரத்தினம்மா கழுவுகிறவர்.

அவர் மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு, பிறகு தலையில் கொழுந்துக் கூடை. எழுபத்தேழில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் அவருக்குப் பத்தொன்பது வயது. லயத்துக்கு நெருப்பு வைக்க ஆட்கள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு எல்லோரும் தேயிலைக்குள் போய்ப் படுத்தார்களாம், மூன்று நாள், மழையில். மூக்கையா என்பவரை அங்கேதான் கண்டாராம்.

"அட்டை கடிக்குதுன்னு கத்தப் போனேன் மிஸ். பக்கத்துல படுத்திருந்தவரு என் வாயப் பொத்திட்டாரு. அதுக்கப்புறம் வேற யாரைக் கட்டுறது?" என்று சிரிப்பார்.

தாய், தகப்பன், அண்ணன் எல்லோரும் கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போனார்கள். இவரும் மூக்கையாவும் போகவில்லை. எந்த நாட்டிலும் பெயர் இல்லாத ஆட்களாகப் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். எண்பத்துமூன்றிலும் தேயிலைக்குள் படுத்தார்கள். அடையாள அட்டை கைக்கு வந்தபோது இரத்தினம்மாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. பிள்ளைகள் இல்லை. தொண்ணூற்றொன்றில் பஹ்மியின் வீட்டுக்காரியிடம் யாரோ சொல்லி, எங்களிடம் வேலைக்கு வந்தார். விடிய ஐந்து மணிக்கு பஸ் ஏறினால்தான் எட்டு மணிக்கு வந்து சேரலாம். யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடி கூடினால் ஒன்பது ஆகும். ஒன்பது ஆனால் நான் வாய்க்கு வந்தபடி ஏசுவேன்.

கழுவுவது என்றால் சும்மா கழுவுவது இல்லை. கண்ணாடியில் சவர்க்காரம் ஒரு துளி மிஞ்சியிருந்தாலும் கலங்கள் செத்துவிடும். செத்தது மருந்தாலா சவர்க்காரத்தாலா என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாத வேலை குப்பை. அதனால் ஏழு முறை குழாய்த் தண்ணீர், மூன்று முறை காய்ச்சி வடித்த தண்ணீர். இரத்தினம்மா வாய்க்குள் எண்ணிக்கொண்டே கழுவுவார். இடையில் யாராவது பேசினால் எண்ணிக்கை தவறிவிட்டது என்று முதலிலிருந்து தொடங்குவார். நான் எத்தனையோ முறை வேண்டுமென்றே பேசியிருக்கிறேன். அவர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்.

தட்டில் பூஞ்சணம் பிடித்தால் நான் நுணுக்குக்காட்டியில் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு நாள் எடுக்கும். அவர் அறைக்குள் வந்ததும் மூக்கைச் சுருக்கி, "மேல் தட்டுல எதுவோ கெட்டுப் போச்சுங்க" என்பார். கெட்டுத்தான் போயிருக்கும்.

தொண்ணூற்றாறில் மழை இல்லை. நாள் ஒன்றுக்கு எட்டு மணித்தியாலம் மின்சாரம் இல்லை. எங்கள் கலங்களுக்கு மனித உடம்பின் சூடு வேண்டும். குளிர்ந்தால் வளராது, வளராவிட்டால் பஹ்மியின் நாலு வருஷ உழைப்பு போய்விடும். ஜெனரேட்டர் வாங்க வழியில்லை. நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். இரத்தினம்மா மூடியை இறுக்கிய நாலு குடுவைகளைத் துணியில் சுற்றி, சேலைக் கொசுவத்துக்குள் வயிற்றோடு வைத்துக் கட்டிக்கொண்டார். அப்படியே கதிரையில் ஆடாமல் அசையாமல் மின்சாரம் வரும்வரை இருந்தார். ஒரு நாள் இல்லை, அந்த வறட்சி முழுவதும்.

"வயித்துப் புற்றுநோயை வயித்தில வச்சு வளர்க்கிற முதல் ஆள் நீர்தான்" என்று நான் பகிடி விட்டேன். அவரும் சிரித்தார். அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றும்.

அப்படி இருந்த ஒரு நாள்தான், "மிஸ், இது யாரு வயிறுங்க?" என்று கேட்டார்.

ஜப்பானில் ஒரு நோயாளியிடமிருந்து எப்போதோ எடுத்த கலங்கள், வளர்த்து வளர்த்து உலகம் முழுக்க அனுப்புகிறார்கள் என்று சொன்னேன்.

"அந்த ஆளு இருக்காருங்களா?"

"எங்கத்த இருக்கிறது. எப்பவோ செத்திருப்பார்."

இரத்தினம்மா வயிற்றில் கை வைத்துக்கொண்டு, "பாவம். அவரு வீட்டு ஆளுகளுக்கு இது தெரியுமோ என்னமோ" என்றார். எனக்குப் பத்து வருஷமாகத் தோன்றாத கேள்வி அது.

தொண்ணூற்றேழு செப்டெம்பரில் மூக்கையாவுக்குச் சோறு இறங்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் வாயு என்று வெள்ளைத் தண்ணீர் மருந்து கொடுத்தார்கள். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறபோது ஒக்டோபர் ஆகிவிட்டது. வயிற்றில் புற்றுநோய், பரவிவிட்டது, வெட்டி எடுக்க முடியாது, மருந்து ஏற்றிப் பார்ப்போம் என்றார்கள். என்ன மருந்து என்று இரத்தினம்மா ஆஸ்பத்திரித் துண்டுச் சீட்டைக் கொண்டு வந்து காட்டினார். எங்கள் அலுமாரியில் இருக்கும் அதே மருந்து. நாங்கள் ஜப்பான்காரருடைய கலங்களுக்குக் கொடுக்கிற அதே பெயர்.

அந்த மாதம் நாங்கள் எடுத்திருந்த பட்டை மரமஞ்சள். சிங்களத்தில் வெனிவெல். தடிமன் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லியோடு அவித்துக் குடிக்காத வீடு இந்த நாட்டில் இல்லை. பஹ்மிக்கு கலகெதரையிலிருந்து நல்ல தண்டு வரும். அதை அறுத்து, இடித்து, சாறு எடுத்து, மருந்தோடு சேர்த்துக் கலங்களுக்கு விட்டுக்கொண்டிருந்தோம். இடித்துக் கொடுத்தவர் இரத்தினம்மாதான். பட்டையின் பெயரும் மருந்தின் பெயரும் ஒரே தட்டில் எழுதியிருப்பதைத் தினமும் பார்த்தவர் அவர். வீட்டுக்குப் போய் மூக்கையாவுக்கு மரமஞ்சள் அவித்துக் கொடுக்கத் தொடங்கினார். காலை ஒரு கோப்பை, மாலை ஒரு கோப்பை.

எனக்கு நவம்பரில்தான் சொன்னார்.

"வார்ட்டு டொக்டர்கிட்ட சொன்னீரா?" என்று பாய்ந்தேன்.

"இல்லீங்க. ஏசுவாங்க. ஆனா ஊசி போட்ட பெறகு அவருக்கு வாயெல்லாம் இரும்பு நாத்தமாம். சோறு வேணாம், கஞ்சி வேணாம், பால் வேணாம். இந்தக் கசப்புத் தண்ணி மட்டுந்தான் உள்ள நிக்குது. இதக் குடிச்சாத்தான் வாயி எம் வாயி மாதிரி இருக்குன்னு சொல்றாரு." கொஞ்சம் நின்று, "மிஸ், அந்த மருந்தோட இது சேந்தா நல்லதுங்களா, கெட்டதுங்களா?" என்றார்.

பஹ்மி அப்போது உள்ளே இருந்து வந்தார். அவர் மெதுவாகப் பேசுகிறவர். "இரத்தினம்மா, எனக்குத் தெரியாது. தெரியாம நான் சொல்ல ஏலாது. தட்டுல பார்த்து முடியட்டும். ஆனா தட்டுல நடக்கிறது ஆளுல அப்படியே நடக்கும்னும் இல்ல. நீங்க வார்ட்டுல சொல்லித்தான் ஆகணும்" என்றார்.

வார்ட்டில் சொன்னார். அங்கே இருந்த டொக்டருக்கும் தெரியவில்லை. அவரும் பார்ப்போம் என்றுதான் சொன்னாராம். ஆக, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியது கண்டிச் சீமையிலேயே என்னுடைய தட்டு ஒன்றுதான். இரத்தினம்மா அப்படித்தான் நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன், அதுதான் கேடு.

அன்றிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு போத்தலைக் கழுவுவார், வந்து கதவடியில் நிற்பார். போவார், இன்னொரு போத்தல், திரும்ப வருவார். "எத்தன நாளுங்க?" எழுபத்திரண்டு மணித்தியாலம் என்பேன். "அப்ப வெள்ளிக்கிழமையா?" ஒரு தட்டு போதாது, மூன்று தட்டாவது வேண்டும் என்பேன். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் சுற்றிவளைப்பு, ஊரடங்கு, பஸ் இல்லை. சுதந்திரப் பொன்விழாவைக் கண்டியில் கொண்டாடப் போகிறார்கள் என்று ஊர் முழுக்க ஆமிப் பட்டாளம். தமிழ்ப் பெயர் உள்ள அட்டையை ஒரு நாளில் ஆறு முறை நீட்ட வேண்டியிருந்தது. நானும் அமைதியாக இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். குண்டசாலையில் நான் வாடகைக்கு இருந்த அறையை இரண்டு முறை சோதித்தார்கள். வேலையில் அவசரப்பட்டேன்.

எங்கள் வேலையில் உயிரைக் கண்டுபிடிக்கும் வழி இதுதான். தட்டில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். கலங்களுக்கு மருந்தும் பட்டைச் சாறும் கொடுத்து மூன்று நாள் வைத்த பிறகு, ஒவ்வொரு குழியிலும் மஞ்சள் சாயம் ஒரு துளி விடுவோம். உயிரோடு இருக்கும் கலம் அந்தச் சாயத்தை ஊதாவாக்கும். செத்த கலம் ஆக்காது. ஊதா கூடினால் உயிர் கூட. அவ்வளவுதான்.

ஜனவரி பன்னிரண்டாம் திகதி மூன்றாவது தட்டையும் பார்த்தேன். மருந்து மட்டும் விட்ட குழிகள் வெளிறிக் கிடந்தன. மருந்தும் மரமஞ்சளும் சேர்த்த குழிகள் நாவற்பழ நிறம். மூன்று தட்டிலும் அப்படியே. மரமஞ்சள் மருந்தைத் தடுக்கிறது, கலங்களைக் காப்பாற்றுகிறது என்று எழுதினேன். எழுதிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், கதவடியில் நின்றவருக்குச் சொன்னேன்.

"மரமஞ்சள் அந்த மருந்தை வேலை செய்ய விடுகுதில்லை. அதைக் குடுக்கிறதை இண்டைக்கே நிப்பாட்டும்."

 "அப்ப நான் குடுத்த இந்த மூணு மாசமும்?" என்றார்.

நான் எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவர் போய்த் தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. அன்று அவர் எண்ணவில்லை. எவ்வளவு நேரம் கழுவினாரோ தெரியாது, நான் வீட்டுக்குப் புறப்படும்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஒரு கிழமை நாள் தவறாமல் வந்தார், கழுவினார், போனார். இருபதாம் திகதி லீவு கேட்டார். இனி மருந்தேற்றிப் பயனில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். போகும்போது என்னிடம், "நாந்தான் மிஸ் அவர இந்த நெலமைக்குக் கொண்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அழவில்லை. பஸ் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்.

இருபத்தைந்தாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. கலங்களுக்கு ஞாயிறு, திங்கள் கிடையாது, உணவு மாற்ற வேண்டும். விடிய எழுந்து ஆய்வுகூடத்துக்கு நடந்தேன். ஆறு மணி தாண்டியிருக்கும், கண்டிப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. மழை இடி என்று நினைத்தேன். வானம் தெளிந்திருந்தது. ஆய்வுகூடத்துக் காவலாளி வானொலியைக் காதில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை வாசலில் லொறிக் குண்டு; பழி தமிழர் தலையில்தான் விழும்.  காவலாளி நல்ல மனுஷன். "மிஸ் உள்ளே போங்க, கதவைப் பூட்டுங்க" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றான்.

பஹ்மி தொலைபேசியில் வந்தார். "வெளியே தலை காட்டாதீங்க. நெலமை சரியில்ல. அல்லாஹ்தான் காப்பாத்தணும்."

உள்ளே என்ன செய்வது? கதிரையில் இருந்தேன், எழுந்தேன். ஜன்னலால் பார்த்தேன், திரையை மூடினேன். எண்பத்துமூன்று ஜூலையில் கொழும்பில் ஒரு குளியலறைக்குள் இரண்டு நாள் பூட்டிக்கொண்டு இருந்தவள் நான். அந்த நாற்றம் மூக்கில் வந்தது. ஏதாவது செய்யாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்றிருந்தது. தொட்டியடியில் ஒரு கிழமையாகக் கழுவாத சாமான்கள் குவிந்து கிடந்தன. இரத்தினம்மா இல்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நான் தொட்டியில் கை வைத்தேன்.

மரமஞ்சள் சாறு அடியில் மிஞ்சியிருந்த குடுவையைத் தொட்டியில் ஊற்றினேன். சாயப் போத்தலில் மிஞ்சியதையும் அதிலேயே ஊற்றினேன். பஞ்சை எடுக்க அலுமாரிக்குப் போய், ஜன்னலை இன்னொரு தடவை பார்த்து, திரும்பி வந்தேன். தொட்டி ஊதா.

ஒரு கலம் இல்லை அங்கே. உயிருள்ளது எதுவும் இல்லை. பட்டைச் சாறும் சாயமும் மட்டும்.

 மார்கழி மாதம் இரத்தினம்மா சொல்லியிருந்தார். "மிஸ், இந்தப் பட்டைத் தண்ணியும் சாயமும் சேந்தா தொட்டி ஊதாவாப் போயிருதுங்க, தேய்ச்சாலும் போக மாட்டேங்குது" என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கச் சொன்னேன். சாயத்தை ஊதாவாக்கியது கலங்கள் இல்லை, மரமஞ்சளேதான். கலம் இல்லாத குழியில் பட்டைச் சாற்றையும் சாயத்தையும் மட்டும் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். முதல் வருஷப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. அவசரத்தில் நான் விட்டுவிட்டேன். தட்டில் இடம் மிச்சம் பிடித்தேன்.

வெறும் தட்டு ஒன்றை எடுத்துச் சாறும் சாயமும் விட்டேன். நாவற்பழ நிறம். பிறகு வளர்ந்துகொண்டிருந்த நாலாவது தட்டை எடுத்து, சாயத்தை நம்பாமல், நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு குழியாகக் கலங்களை எண்ணினேன். மருந்தும் மரமஞ்சளும் சேர்ந்த குழிகளில் கலங்கள் செத்துத்தான் கிடந்தன. மருந்து மட்டும் விட்டதைவிடச் சாவு குறைவாக இல்லை. கொஞ்சம் கூடவே. கூட என்பது உண்மையா என்று சொல்ல எங்களுக்கு மேலும் ஒரு வருஷம் பிடித்தது. தட்டில் உண்மை என்று முடிந்தது. ஆளில் என்ன என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் தடுக்கிறது, காப்பாற்றுகிறது என்று நான் சொன்னது பொய். அது அன்று பகல் பன்னிரண்டு மணிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூக்கையா உயிரோடு இருக்கும்போதே இது இரத்தினம்மாவுக்குத் தெரிய வேண்டும். புருஷனை நானே கொன்றேன் என்ற எண்ணத்தோடு அவர் பக்கத்தில் இரத்தினம்மா உட்கார்ந்திருக்கக் கூடாது. எனக்கு வேறு எதுவும் மண்டையில் ஏறவில்லை. தோட்டத்துக் கந்தோருக்குத் தொலைபேசி அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை, எடுக்க ஆள் இல்லை. பத்து முறை அடித்தேன். காவலாளி வெளியே விட மாட்டேன் என்றான். அன்று முழுக்க அந்த இரண்டு அறைக்குள்ளும் நடந்தேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் புறப்பட்டேன். அங்கேதான் அடுத்த பிழையைச் செய்தேன். வாயால் சொன்னால் நம்புவாரோ என்று, ஊதாவாகிப் போன அந்த வெறும் தட்டை மூடி ஒட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டேன். சும்மா சொன்னால் போதாதா? போதாது. எனக்கு ஆதாரம் வேண்டும். படித்தவள் அல்லவா.

குண்டு வெடித்த மறுநாள், யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அட்டையில் எழுதியிருக்கும் ஒரு பெண், ஊதாத் திரவம் நிறைந்த தொண்ணூற்றாறு குழிகளைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனால் என்ன நடக்கும்? வத்துகாமம் போய்ச் சேரும் முன்னமே இறக்கிவிட்டார்கள். "மே மொகக்த?" இது என்ன என்று அந்தப் பொடியன் சிப்பாய் பையை எட்டப் பிடித்துக்கொண்டு கேட்டான். மருந்து என்றேன். யாருக்கு என்றான். புற்றுநோய் என்றேன், மரப்பட்டை என்றேன், பொய் என்று காட்டக் கொண்டு போகிறேன் என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நம்பும்படியாக இல்லை. பொலிசுக்குக் கொண்டு போய் ஒரு வாங்குப் பலகையில் இருத்தினார்கள். யாரும் அடிக்கவில்லை. யாரும் பேசவும் இல்லை. தட்டு எனக்கு எதிரே மேசையில் இருந்தது. சுவரில் மணிக்கூடு. ஒன்பது, பத்து, பதினொன்று. என் அறிவுகெட்ட வேலையை நினைத்து எனக்கே என்னைக் கன்னத்தில் அறைய வேண்டும்போல இருந்தது.

பொலிசார் தொலைபேசியில் விசாரித்திருக்க வேண்டும்; இரண்டரை மணிக்குப் பஹ்மி ஆய்வுகூடக் கடிதத்தோடு வந்து, சிங்களத்தில் அரை மணித்தியாலம் விளக்கி என்னை வெளியே எடுத்தார். தட்டைப் பொலிசார் தரவில்லை. வீட்டுக்கு வாங்க மிஸ் என்றார் பஹ்மி. நான் மாட்டேன் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேலே போகிற பஸ் வரும்வரை என்னோடு வீதியில் நின்றார்.

மடுல்கெல்லையில் இறங்கித் தோட்டத்து வீதியில் ஏறும்போது ஐந்து மணி ஆகவில்லை. வெயில் இன்னும் இருந்தது. திருப்பத்தில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. லயங்களில் சாவு வீட்டில்தான் அந்த அடி அடிப்பார்கள். யாரிடமும் கேட்கத் தேவை இருக்கவில்லை. இருந்தாலும் கேட்டேன். வந்துகொண்டிருந்த ஒருவர், "நம்ம மூக்கையாண்ணே, மத்தியானம் பன்னெண்டு மணிக்குங்க" என்றார்.

லயத்து வாசலில் ஆட்கள். நடுக் காம்பரா அறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பெண்கள் சுற்றியிருந்து அழுதார்கள். இரத்தினம்மா என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "வாங்க மிஸ். இந்த நேரத்துல எப்படி வந்தீங்க? ரோட்டுல ஒண்ணும் பண்ணலியே?" என்று கேட்டு, என் கையைப் பிடித்து, ஆட்கள் இல்லாத அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றுதான் நான் அந்த முகத்தை நேராகப் பார்த்தேன்.

"இரத்தினம்மா, மரமஞ்சளில ஒரு பிழையும் இல்லை. நான்தான் பிழை விட்டனான். அது மருந்தைத் தடுக்கேல்லை. நீங்கள் குடுத்தது அவருக்குக் கெடுதி செய்ததெண்டு நான் சொன்னது பொய். தொட்டி ஊதாவாகுதெண்டு நீங்கள் அப்பவே சொன்னனீங்கள், நான் கேக்கேல்லை." ஒரே மூச்சில் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் அழவில்லை. "கெடுதி இல்லீங்களா?" என்றார்.

"நான் காணேல்லை. ஒரு தட்டிலயும் காணேல்லை."

இரத்தினம்மா அடுப்புக்கு மேலே பலகையைப் பார்த்தார். அங்கே ஒரு பழைய பால்மாத் தகரம் இருந்தது.

"நேத்துப் பூரா கேட்டாரு மிஸ். தண்ணி வேணாம், டீ வேணாம், அந்தக் கசப்புத் தண்ணியில ஒரு மடக்கு குடு, வாயி நாறுதுன்னாரு. இன்னைக்கிக் காலையிலயும் கேட்டாரு. கடையில மரமஞ்சள் இல்லைன்னு சொன்னேன். டின்னு அந்தா இருக்கு. படுத்த எடத்துல இருந்து பாத்தா தெரியும். அவரு அதையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஏண்டி இப்புடிப் பண்றேன்னு ஒரு வார்த்த கேக்கல. நான் குடுக்கல மிஸ்."

 மன்னிப்புக் கேட்க வாய் திறந்து, மூடிக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டால் அவர் பரவாயில்லை என்று சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. அவர் அப்படிப்பட்ட மனுஷி.

தப்பு நின்று மறுபடி தொடங்கியது. இரத்தினம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினார்.

"அப்ப இப்ப குடுக்கலாங்களா மிஸ்?" என்று கேட்டார்.

என்னிடம்தான் கேட்டார். அந்த வீட்டில் அத்தனை பேர் இருக்க, பொய் சொன்ன என்னிடம் அனுமதி கேட்டார்.

"ஓம், குடுங்கோ" என்றேன்.

தகரத்தை எடுத்தார். அடுப்பை ஊதிப் பற்றவைத்து, மரமஞ்சள் துண்டுகளைத் தண்ணீரில் போட்டு, நிறம் இறங்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தார். ஆற்றினார். கோப்பையோடு காம்பராவுக்குள் போனபோது ஒரு பெரியவர், "வாயில பாலுதானம்மா வைக்கணும், அதுவும் நாளைக்கித்தான்" என்றார். இரத்தினம்மா மூக்கையாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தாடைக் கட்டைத் தளர்த்தி, கரண்டியால் உதட்டைத் திறந்து ஊற்றினார். மஞ்சள் தண்ணீர் உள்ளே நிற்காமல் கன்னத்தால் வழிந்து கழுத்தில் இறங்கியது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, இன்னொரு கரண்டி எடுத்தார்.